ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள்

என் ஓரகத்தியும் நானும் ஒரே சமயத்தில் பிள்ளை உண்டானோம். பிச்சாட்டூரில் ஏரிக்கரைப் பக்கம் எங்கள் வீடு. முன்பக்கத்து அறையில் அவளும் அவள் புருஷனும், பின்பக்கத்து அறையில் நாங்கள், நடுக்கூடத்தில் மாமியார். அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியும் பிள்ளை இல்லாமல் இருந்தது. புத்தூரிலும் திருப்பதியிலும் பார்க்காத டாக்டர் இல்லை. எனக்கோ கல்யாணமான வருஷமே நின்றுவிட்டது. அவளுக்கும் நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு மாமியார் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். எனக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார், குறை சொல்ல முடியாது.

அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு எல்லோரும் என்னிடம் கேட்டது அதைத்தான். கணவர் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். விடியும் முன் மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். வரும்போது திராட்சையோ மாதுளையோ வாங்கி வருவார். மாமியார் வாயாடி, ஆனால் சாப்பாட்டில் பாரபட்சம் பார்க்காதவர். ஓரகத்தியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள் மாதிரித்தான் அவளும் இருந்தாள்.

மூன்றாவது மாசத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ முழிப்பு வரும், அதற்கப்புறம் தூக்கம் வராது. மசக்கை என்று நினைத்தேன். அக்காவுக்கும் மசக்கை இருந்தது. அவள் வாந்தி எடுத்துவிட்டு வந்து, வாயைக் கழுவிக்கொண்டு, இன்றைக்கு மாங்காய் கிடைக்குமா என்று கேட்பாள். எனக்கு வாந்தியே இல்லை. சோற்றைப் பிசைந்து கையில் எடுத்தால் அதை வாய்வரை கொண்டுபோக ஒரு காரணமும் தெரியாது. தட்டோடு உட்கார்ந்திருப்பேன். குக்கர் விசில் அடித்தால் உடம்பு தூக்கிப்போடும். துணியைக் கொடியில் போடப் போனவள் பாதியில் நின்றுவிடுவேன், ஈரத்துணி புடவையை நனைத்த பிறகுதான் எதற்கு வந்தேன் என்று நினைவுக்கு வரும். அழுகை வந்தது என்றால்கூடப் பரவாயில்லை, ஒரு பெயர் இருந்திருக்கும். முதலில் கொஞ்ச நாள் அழுகை வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

கணவரிடம் ஒருநாள் சொன்னேன். "எனுக்கு ஒண்ணும் புடிக்கலங்க. என்னமோ மாதிரி கீது."

"இன்னா வேணும் சொல்லு, வாங்கியாறேன்."

"ஒண்ணும் வேணாம்."

"அம்மா எதனா சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். திருத்தணியில் இருந்த என் அம்மாவுக்குப் போன் செய்தேன். "வயித்துப்புள்ளக்காரிக்கு அப்படித்தான்டி இருக்கும். புள்ள மூஞ்ச பார்த்தா எல்லாம் சரியாப் பூடும்" என்றாள். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

மாசத்துக்கு ஒருமுறை அக்காவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். எடை பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள். நர்சம்மா தெலுங்குக்காரர். தலையை நிமிர்த்தாமல் "பாகுன்னாவா அம்மா?" என்பார். நன்றாக இருக்கிறாயா என்று அர்த்தம். எனக்கு அப்போது தெலுங்கு சரியாக வராது, அந்த ஒரு கேள்வியும் அதற்கான பதிலும் தெரியும். "பாகுன்னானு" என்பேன். இருக்கிறேன். எடை ஏறவில்லை என்று ஒவ்வொரு தடவையும் திட்டு விழும். அக்கா எனக்காகப் பரிந்து பேசுவாள். சரியாகவே துன்ன மாட்டேன்கிறாள் மேடம், நான் ஊட்டிவிடறேன் என்பாள். சொன்னபடி ஊட்டியும் விட்டாள்.

குழந்தை அசைய ஆரம்பித்தபோது அக்கா என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொள்வாள். "பாரு, ஒதைக்கிறான் பாரு." அவள் முகம் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். என் வயிற்றிலும் அசைந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கதவு தட்டுவது போலத்தான் எனக்கு அது தெரிந்தது. காலையில் கண் திறக்காமலே போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். வயிற்றில் இருப்பதும் என்னோடு போய்விடுமே என்ற நினைப்புகூட அப்போது வரவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வளைகாப்பு செய்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இரண்டு கை நிறைய வளையல் அடுக்கினார்கள். வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும், கழட்டக்கூடாது என்றார்கள். எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. கையை அசைக்கும்போதெல்லாம் மண்டைக்குள் கொட்டுவது போல இருந்தது. இரண்டாம் நாளே கழட்டி அலமாரியில் வைத்தேன். மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

எட்டாம் மாசமே எனக்கு வலி வந்துவிட்டது. திருப்பதிக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை, உள்ளங்கை அகலம்தான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அம்மா சொன்னாளே, முகத்தைப் பார்த்தால் சரியாகிவிடும் என்று, அதனால் கண்ணாடிக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்தேன். பாவமாக இருந்தது. யார் பிள்ளையோ பாவம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்த சில வாரங்களில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. பையன், முழு மாசத்துப் பிள்ளை, கொழுகொழுவென்று இருந்தான். எனக்குச் சீக்கிரமே பால் வற்றிப்போனது, அவளுக்கு நிறைய இருந்தது. பையனுக்குக் கொடுத்துவிட்டு என் பெண்ணையும் எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள். பால் கொடுத்துக்கொண்டே பேசுவாள். தமிழிலும் பேசுவாள், தெலுங்கிலும் பேசுவாள். அவள் நகரியில் தெலுங்குப் பள்ளியில் படித்தவள், இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். "இன்னாடி குட்டி, எவ்ளோ குடிப்ப, தம்பிக்கு வேணாமா, சாலா, சாலா?" என்று போதுமா போதுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நானும் என் வேலைகளைச் செய்தேன். குளிப்பாட்டினேன், துணி மாற்றினேன், நேரத்துக்கு மருந்து கொடுத்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. பேச்சு மட்டும் வரவில்லை. குழந்தையிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. துண்டில் சுற்றி மடியில் போட்டால் அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்ப்பாள். என் முகத்தில் ஒன்றும் நடக்காது. பிறகு பார்வையைத் திருப்பிச் சுவரையோ மின்விசிறியையோ பார்ப்பாள். சில மாசம் கழித்து என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். எடுத்தவுடனே மின்விசிறிக்குப் போய்விடுவாள்.

ஒரே கூடத்தில் ஒரே பாயில் இரண்டையும் விட்டிருந்தோம், அதனால் எதையும் மறைக்க முடியாது. பையன் குப்புறப் புரண்டான், இவள் மல்லாந்தே கிடந்தாள். அவன் கட்டில் காலைப் பிடித்து எழுந்து நின்றபோது இவள் தலையணை வைத்தால்தான் உட்கார்ந்தாள். எட்டாம் மாசத்திலேயே பிறந்த பிள்ளை, மெதுவாகத்தான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்றரை வயசுக்கு மேல்தான் நடந்தாள். அதற்குள் பையன் அத்தே, தாத்தா, பாலு, பஸ்ஸு என்று என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தான். இவள் ஒரு எழுத்துப் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை.

"பொட்டப்புள்ள முன்னாடியே பேசணுமே" என்றார் மாமியார். "ஆம்பளப் புள்ள, அவனே பேசறான். இதுக்கு இன்னா வந்தது?" பிறகு, பருப்பைப் புடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "வளையல கழட்டி வெச்சா. வயித்துல கீற புள்ளைக்கு சத்தம் எங்க கேக்கும். எந்நேரமும் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீந்தா, புள்ளையும் அப்படித்தான் கீது."

கணவர் அப்போது பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சும்மா இரும்மா" என்றார். அவ்வளவுதான்.

அங்கன்வாடி டீச்சர் சொல்லித்தான் திருப்பதிக்குப் போனோம். குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது, காட்டிவிட்டு வாருங்கள் என்றார். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. டாக்டர்கள் தெலுங்கில் பேசுவார்களே என்று அக்கா கூட வந்தாள். பையனை மாமியாரிடம் விட்டுவிட்டுப் புத்தூர் வழியாகப் பஸ்ஸில் போனோம். குழந்தை வழி முழுக்க அக்காவின் மடியில் இருந்தாள்.

முதலில் காது பார்த்தார்கள். ஒரு அறைக்குள் வைத்து என்னென்னவோ சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். கேட்டுக்கொண்டேதான் திரும்பாமல் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுதான். தரையில் பாய் போட்டு, குழந்தையோடு கீழேயே உட்கார்ந்து, பந்தை உருட்டிக்கொண்டு கேள்வி கேட்டார். எத்தனை மாசத்தில் பிறந்தது, என்ன எடை, பெட்டியில் எத்தனை நாள் இருந்தது. அக்கா எனக்குச் சொல்ல, நான் சொன்னதை அவள் தெலுங்கில் சொன்னாள். அப்புறம் டாக்டர், வயிற்றில் இருக்கும்போது அம்மா எப்படி இருந்தார், மனசு எப்படி இருந்தது என்று கேட்டார். அந்தக் கேள்வியை அக்கா என்னிடம் கொண்டுவரவே இல்லை. அவளே பதில் சொன்னாள்: "பாகானே உண்டிந்தி மேடம்." நன்றாகத்தான் இருந்தாள்.

அது எனக்குப் புரிந்தது. "அக்கா, அப்படி சொல்லாத" என்றேன்.

"இன்னா?"

"நான் நல்லா இல்லக்கா. காலையில எழுந்தா, ஏன் எழுந்தோம்னு இருக்கும். செத்துப் போயிட்டா தேவலன்னு தெனமும் நெனச்சிக்கினு இருந்தேன். இத அவங்ககிட்ட சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தாள். குழந்தை அவள் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"எப்போ?"

"இவ வயித்துல இருந்தப்ப எல்லாம்."

"நான் பக்கத்துலதானே இருந்தேன்."

"ஆமாக்கா."

என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். அக்கா, "கொஞ்செம் திகுலுகா உண்டேதண்ட மேடம்" என்றாள். கொஞ்சம் கவலையாக இருந்தாளாம். எனக்கு நல்லதுதான் நினைத்தாள். அந்நிய மனுஷியிடம் என்னை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"கொஞ்செம் காது" என்று நானே சொன்னேன். கொஞ்சம் இல்லை. எனக்குத் தெரிந்த தெலுங்கில் மேலே ஒரு வார்த்தைதான் இருந்தது. "சாலா." அக்கா குழந்தையிடம் போதுமா என்று கேட்கிற அதே சத்தம்தான், இங்கே ரொம்ப என்று அர்த்தம்.

டாக்டர் பந்தை உருட்டுவதை நிறுத்தினார். "இப்புடு?" என்றார். இப்போது?

"இப்புடு கூடா." இப்போதும்தான்.

அதற்குப் பிறகு அவர் தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடமே பேசினார். திருப்பதி டாக்டர்களுக்கு எங்களைப் போல வருகிறவர்களால் கொஞ்சம் தமிழ் வந்துவிடும். "அம்மா, இது உங்க தப்பு இல்லே. அம்மாக்கு அப்படி இருந்தா தூக்கம் இல்லே, சாப்பாடு இல்லே, உடம்பு பயத்துலயே இருக்கும். அது பாப்பாக்கும் போகுது. சில பாப்பாக்கு ஒண்ணும் ஆகாது. சில பாப்பாக்கு ஆகுது. இந்தப் பாப்பாக்கு அதனாலயா, முன்னாடியே பொறந்ததாலயா, வேற எதனாலயா, நான் சொல்ல முடியாது. யாரும் சொல்ல முடியாது."

"அப்பவே யாராச்சும் பார்த்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் பந்தை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தார். "பார்த்திருக்கணும்" என்றார்.

அன்றைக்கே மனநல டாக்டரிடமும் அனுப்பினார். இரண்டு வகை மாத்திரை கொடுத்தார்கள். குழந்தையை மாதம் ஒருமுறை கூட்டிவரச் சொன்னார்கள். வீட்டில் எப்படிப் பழக்க வேண்டும் என்று காட்டினார்கள். முகத்துக்கு நேராக உட்கார்ந்து, அவள் பார்ப்பதையெல்லாம் பெயர் சொல்லி, மெதுவாக, திரும்பத் திரும்பப் பேச வேண்டும். சீக்கிரம் வந்திருந்தால் இன்னும் நல்லது, பரவாயில்லை என்றார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா அழுதாள். "எனுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உனுக்கு அஞ்சு வருஷம் கழிச்சி கெடச்சிதுக்கா. உன்கிட்ட எப்படி சொல்றது."

அவள் குழந்தையின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் மாத்திரையைப் பார்த்து மாமியார் பயந்துபோனார். பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை, ஊருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்றார். கணவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "துன்னு. ஆனா யாருக்கும் சொல்லாத" என்றார். சாப்பிட்டேன். சில வாரத்தில் தூக்கம் வந்தது. சோற்றில் உப்பு தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, சாப்பாட்டில் உப்பு இருப்பதை நான் கவனித்து. மனசு சந்தோஷமாக ஆயிற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச முடிந்தது. குழந்தையை எதிரில் உட்கார வைத்து, இது தட்டு, இது தண்ணி, இது காக்கா என்று சொல்ல முடிந்தது. அவள் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அக்காவும் அதையே செய்தாள். அவளுக்குப் பழகிய வேலைதான், பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருந்தாள். ஒரு பகல் நான் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தேன். அக்கா பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என் பெண் போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ம்மா" என்றாள். தெளிவாகச் சொன்னாள். இன்னொரு தடவையும் சொன்னாள்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சோற்றுக் கையோடு குழந்தையின் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். "அதோ பார்டி, அம்மா. அம்மா அங்க கீறா." குழந்தை என்னைப் பார்க்கவில்லை. உடம்பை முறுக்கிக்கொண்டு திரும்பவும் அவள் முந்தானையைப் பிடித்தது.

"புள்ளைக்கு இன்னா தெரியும்" என்றாள் அக்கா.

"பேசிச்சி இல்ல, அது போதும்" என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அன்றிலிருந்து நான் இருக்கும்போது அவள் என் பெண்ணைத் தூக்குவதைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு வலிக்கக்கூடாது என்று செய்தாள். குழந்தை அவள் அறைக் கதவுக்கு வெளியே நின்று பலகையைச் சுரண்டும். நான் போய்த் தூக்கி வருவேன். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை, ஆனாலும் வேறு எப்படி இருப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அக்காவின் புருஷனுக்குச் சூளூர்பேட்டையில் மீன் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. அங்கேயே வீடு பார்த்தார்கள், பையனை நர்சரியில் சேர்க்க வேண்டும் என்றார்கள். கிளம்புகிற அன்றைக்கு அக்கா என் பெண்ணைத் தூக்கி ரொம்ப நேரம் வைத்திருந்தாள். வேன் புறப்படும்போது என் கையில் கொடுத்தாள். குழந்தை அழவில்லை. வேன் போன பிறகு உள்ளே போய் முன்பக்கத்து அறைக் கதவைச் சுரண்டியது. நான் திறந்து விட்டேன். காலி அறையைச் சுற்றி வந்து, சுவரோரம் உட்கார்ந்துகொண்டது.

ஒரு வாரம் போல அந்த அறையிலேயே கிடந்தாள். அதற்கப்புறம் போவதில்லை. அக்கா கிளம்புவதற்கு முன்பே அவளுக்கு ஐந்தாறு வார்த்தைகள் வந்திருந்தன. ம்மா, பாலு, தா, காக்கா. எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. திருப்பதியில் சொன்னேன். சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், வந்தது போகும், திரும்பவும் வரலாம், விடாமல் செய்யுங்கள் என்றார்கள். அந்த டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கேள்வியெல்லாம் முதலிலிருந்து கேட்டார். வயிற்றில் இருக்கும்போது எப்படி இருந்தீர்கள் என்பதை மட்டும் கேட்கவில்லை.

இப்போது அவளுக்கு நான்கு வயசு முடிந்துவிட்டது. அங்கன்வாடியில் ஒரு மூலையில் உட்கார்ந்து டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருப்பாள். சத்தியவேட்டில் ஒரு ஸ்கூலில் கேட்டோம், பேச வந்த பிறகு கூட்டி வாருங்கள் என்றார்கள். இன்னொன்று பெற்றுக்கொண்டால் அதைப் பார்த்து இவளும் பேசுவாள் என்று மாமியார் சொல்கிறார். கணவர் அதைக் கேட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பார். வேண்டாம் என்று தலையாட்டுவேன். அவர் எனக்குப் பயம் என்று நினைக்கிறார். பயம்தான். அந்த மாசங்களுக்குள் திரும்பப் போனால் இந்தத் தடவை வெளியே வருவேனா என்று எனக்குத் தெரியாது. அப்படி வந்தாலும் என் மடியில் கிடப்பது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என்றும் தெரியாது.

நாள் முழுக்க அவளோடு பேசுகிறேன். காய் நறுக்கும்போது பேசுகிறேன், தலை வாரும்போது பேசுகிறேன். வயிற்றில் இருந்தபோதும் கைக்குழந்தையாக இருந்தபோதும் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறேன் என்று பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள். எனக்கு இப்போது பேச்சு நன்றாக வருகிறது. அவளுக்கு அது மழைச் சத்தம் மாதிரி ஒன்று, தன் பாட்டில் பெய்துகொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீடியோவில் கூப்பிடுவாள். போன வாரமும் கூப்பிட்டாள். பையன் இங்கிலீஷில் ஏதோ பாட்டுப் பாடிக் காட்டினான். அப்புறம் அக்கா, "எம் பொண்ண காட்டு" என்றாள். நான் போனைக் குழந்தையின் கையில் கொடுத்தேன். "குட்டி, பெரிம்மாவ பாருடி. பெரிம்மா கீறேன் பாரு" என்று அக்காவின் குரல் வந்துகொண்டே இருந்தது. குழந்தை போனைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு முகம் கீழே இருக்கும்படி தரையில் வைத்துவிட்டு, எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

"கேக்குதா?" என்றாள் அக்கா தரையிலிருந்து. "குட்டி, கேக்குதா?"

நான் போனை எடுத்தேன். "கேக்குதுக்கா" என்றேன்.